கண்ணாடி மணி செய்யும் முறை: துளை, சுடர், ஆறல்

கண்ணாடி மணி ஒன்றைக் கையில் எடுத்தவுடன் பலரும் அதன் நிறத்தைப் பார்ப்பார்கள். செய்யக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அதன் துளையை. விளிம்பு சற்றே உட்குழிந்து, நகத்தால் வருடும்போது எங்கும் தட்டாமல் இருந்தால், அந்த மணி தன்னைக் கோத்த நூலை அறுக்காது. விளிம்பு கூராகவோ சில்லுச் சில்லாகவோ இருந்தால், நிறம் எத்தனை அழகாக இருந்தாலும், நூல் நாளடைவில் தேய்ந்து அறுந்து மணிகள் தரையில் சிதறும். சென்னையில் இதை அழகுக் குறை என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. திருவல்லிக்கேணியிலும் மண்ணடியிலும் வாழும் முஸ்லிம் குடும்பங்களில் மணமகளுக்குக் கட்டப்படும் கருகமணியும், நகரத்துத் தெலுங்குக் குடும்பங்களில் தாலியோடு சேர்த்து அணியப்படும் நல்லபூசலும் கறுப்பு மணிகளைக் கோத்துச் செய்யப்படுபவை. அந்தச் சரடு அறுவதைச் சகுனக் குறைவாக எண்ணும் பெரியவர்கள் இன்றும் பல வீடுகளில் இருக்கிறார்கள். ஆகவே, சுடரில் கண்ணாடியை உருக்கிக் கம்பியில் சுற்றி ஒரு மணியைச் செய்யும் வழியைச் சொல்லும் இந்தக் குறிப்பு, ஒவ்வொரு கட்டத்திலும் துளையைக் கண்ணில் வைத்தே சொல்லப்படுகிறது.

இழுத்த மணியும் சுற்றிய மணியும்

கையால் செய்யும் கண்ணாடி மணிகளில் இரண்டு பெரும் முறைகள் உண்டு. முதலாவது, உருகிய கண்ணாடியை உள்ளே துளை இருக்கும்படி நீண்ட குழாயாக இழுத்து, ஆறிய பின் சிறு சிறு துண்டுகளாக நறுக்குவது. இரண்டாவது, உருகிய கண்ணாடியை ஒரு கம்பியின் மேல் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு மணியாகத் திரட்டுவது. ஒரு பத்து மடங்கு உருப்பெருக்கி கையில் இருந்தால் இரண்டையும் எளிதில் பிரித்தறியலாம். கண்ணாடிக்குள் சிக்கிய காற்றுக் குமிழிகளும் நிறக் கீற்றுகளும் துளைக்கு இணையாக நீண்டிருந்தால் அது இழுத்த மணி; துளையைச் சுற்றி வளையமாக ஓடினால் அது சுற்றிய மணி. இரண்டும் இல்லாமல், மணியின் நடுவில் மெல்லிய தையல் போன்ற கோடு ஒன்று சுற்றி ஓடினால் அது அச்சில் அழுத்தியது. கடைகளில் கைவேலை என்று சொல்லி விற்கப்படுபவற்றில் இந்த மூன்றாம் வகையும் கலந்திருக்கும் என்பதால், வாங்கும் முன் இந்தச் சோதனையைச் செய்துகொள்வது நல்லது.

இழுத்த மணிக்கு நம் கடற்கரையில் நீண்ட வரலாறு உண்டு. புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். பிற்பாடு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் குழு அங்கே மீண்டும் தோண்டியது. ரோமானிய வணிகத் தொடர்புக்காகப் பெயர் பெற்ற அந்த ஊர், மணித் தொழிலுக்கும் அதே அளவுக்குப் பெயர் பெறத் தகுந்தது. பெரும்பாலும் 6 மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டம் கொண்ட, செங்கல் நிறச் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் நீலமும் கறுப்புமான ஒற்றை நிற மணிகள் அங்கே செய்யப்பட்டன. இவ்வகை மணிகள் இலங்கையின் மாந்தை, தாய்லாந்தின் குளோங் தோம், வியட்நாமின் ஓக் இயோ முதலிய இடங்களிலும் கிடைத்திருக்கின்றன. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொரியா வரை பரவியிருக்கின்றன. அந்தப் பரப்பைக் கருதியே பீட்டர் பிரான்சிஸ் என்னும் ஆய்வாளர் இவற்றுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயரிட்டார். அரிக்கமேட்டுப் பொருள்களைப் பார்க்க விரும்புகிறவர்கள் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குச் சென்றால் போதும்.

இந்த முறையின் வாழும் வடிவம் ஆந்திரத்தில், ரேணிகுண்டாவுக்கு அருகிலுள்ள பாபாநாயுடுபேட்டையில் நிலைத்து நின்றது. அங்கே லாடா எனப்படும் நீண்ட இரும்புக் குழாயின் முனையில் பெரிய கண்ணாடித் திரளை எடுத்து, உருட்டிக் கூம்பாக்கி, உள்ளிருந்து ஒரு கம்பியைச் செலுத்தித் துளையை ஏற்படுத்துவார்கள். பின்னர் உலையின் மறுபக்கத்தில் நிற்பவர் அந்தத் திரளின் நுனியைக் கொக்கியால் பற்றி, மெல்லிய குழாயாகத் தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருப்பார். நறுக்கிய துண்டுகளின் கூர் விளிம்பு மழுங்குவதற்காக அவற்றைச் சாம்பலோடு கலந்து மீண்டும் சூடாக்குவார்கள். துளைக்குள் சாம்பல் நிறைந்திருப்பதால் அது அடைபடாது, மணிகளும் ஒன்றோடொன்று ஒட்டாது. நூலை அறுக்காத விளிம்புக்காக ஒரு தனிக் கட்டத்தையே தொழிலில் வைத்திருந்தார்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

இழுக்கும் முறைக்குப் பெரிய உலையும் பலர் கைகளும் தேவை. தனியாளாகச் சென்னை வீட்டு மாடியிலோ சிறு பட்டறையிலோ செய்யக்கூடியது சுற்றும் முறைதான். உத்தரப் பிரதேசத்தின் புர்தில்பூரிலும் வாராணசியிலும் இம்முறையில் மணிகள் செய்யப்படுகின்றன. இத்தாலியின் முரானோ மணிகளில் பலவும் இம்முறையில் உருவானவையே.

கண்ணாடி, கம்பி, மண் பூச்சு

கண்ணாடியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு எண்ணை மறக்கக் கூடாது. அது சூட்டில் கண்ணாடி நீளும் அளவு. முரானோ வகை மென்கண்ணாடிக் கோல்களின் மேல் 104 என்று குறித்திருக்கும்; ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் அந்தக் கண்ணாடி தன் நீளத்தில் கோடியில் 104 பங்கு நீளும் என்பது அதன் பொருள். ஆய்வகக் குடுவைகள் செய்யும் போரோசிலிகேட் கண்ணாடிக்கு இந்த எண் 33. இவை இரண்டையும் ஒரே மணியில் சேர்த்தால், சூடாக இருக்கும்வரை ஒட்டியிருப்பது போலத் தோன்றும். ஆறும்போது ஒன்று அதிகமாகவும் மற்றது குறைவாகவும் சுருங்கி, உடனேயோ ஒரு வாரம் கழித்தோ மணி இரண்டாகப் பிளக்கும். பழைய பாட்டில்களை உடைத்துப் பயன்படுத்துவதற்கும் இதே விதிதான்: ஒரே பாட்டிலின் துண்டுகளை மட்டும் கொண்டு மணி செய்யலாம், பச்சைப் பாட்டிலின் மேல் பழுப்புப் பாட்டிலின் புள்ளியை வைக்கக் கூடாது. தொடங்குகிறவர்கள் 5 முதல் 7 மில்லிமீட்டர் பருமனுள்ள 104 வகைக் கோல்களை, ஒரே தயாரிப்பாளரிடமிருந்து, மூன்று நான்கு நிறங்களில் வாங்கினால் போதும்.

மணியின் துளை என்பது கம்பி விட்டுச் சென்ற இடம். எனவே கம்பி நேராகவும் துருப்பிடிக்காததாகவும் இருக்க வேண்டும். இதற்கென்று வெளிநாட்டுக் கம்பிகளைத் தருவிக்க வேண்டியதில்லை. வெல்டிங் பொருள்கள் விற்கும் கடைகளில் டிக் வெல்டிங்குக்கான 1.6 மற்றும் 2.4 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகள் கிடைக்கும்; அவற்றை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, வெட்டு முனையை அரத்தால் மழுக்கிக்கொள்ளலாம். கருகமணி அளவுச் சிறு மணிகளுக்கு 1.6 கம்பியும், தடித்த கயிற்றில் கோக்கும் மணிகளுக்கு 2.4 கம்பியும் பொருந்தும்.

வெறும் கம்பியில் கண்ணாடியைச் சுற்றினால் அது கழன்று வராது. அதனால் சீனக் களிமண்ணும் அலுமினா தூளும் கலந்த பூச்சைக் கம்பியின் மேல் ஏற்றுகிறோம். முதலில் கம்பியை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கை நீக்க வேண்டும். பூச்சு நீர்த்த தோசை மாவின் பதத்தில் இருக்க வேண்டும். கம்பியை 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரே சீராக முக்கி, ஒரே சீராக எடுத்து, மணல் நிரப்பிய டப்பாவில் நிமிர்த்தி நட்டு உலரவிட வேண்டும். பூச்சில் மேடுபள்ளம் இருந்தால் அதே மேடுபள்ளம் துளைக்குள் பதியும். ஐப்பசி, கார்த்திகை மழை நாள்களில் சென்னைக் காற்றின் ஈரத்தில் இது உலர ஓர் இரவு ஆகலாம். பொறுமையிழந்து ஈரப்பூச்சைச் சுடரில் காட்டினால் நீராவி கொப்புளித்துப் பூச்சு உரிந்துவிடும்.

இடமும் சுடரும்

வேலை மேசையின் மேல் செராமிக் டைல்களை அல்லது இரும்புத் தகட்டைப் பரப்பிக்கொள்ள வேண்டும். காற்றோட்டம் கட்டாயம் வேண்டும். ஆனால் மின்விசிறி சுடரை அலைக்கழிக்கும். ஆகவே தலைக்கு மேலுள்ள விசிறியை நிறுத்திவிட்டு, புகையை வெளியே இழுக்கும் எக்ஸாஸ்ட் விசிறியைச் சுடருக்கு முன்புறம் பொருத்திக்கொள்வதே சரியான ஏற்பாடு. கடற்கரையை ஒட்டிய வீடுகளில் பிற்பகல் கடற்காற்று சன்னல் வழியாக நேரே சுடரில் அடிக்கும் என்பதால் காலை வேளையே உகந்தது. சித்திரை, வைகாசி வெயிலில் அதற்கு வேறு காரணமும் தேவையில்லை. பருத்தி உடை அணிய வேண்டும். நைலான் புடவையும் துப்பட்டாவும் கூடாது. தலைமுடியை இறுக முடிந்துகொள்ள வேண்டும்.

கண்ணாடி சூடாகும்போது அதிலுள்ள சோடியத்தால் கண்ணைக் கூசும் மஞ்சள் ஒளி கிளம்பும். டிடிமியம் கண்ணாடி பொருத்திய மூக்குக்கண்ணாடி அந்த ஒளியை வடிகட்டிவிடும். அதை அணிந்த பிறகே உருகும் முனை என்ன செய்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். சாதாரணக் கறுப்புக்கண்ணாடியால் இந்தப் பயன் கிடைக்காது. இந்த ஒரு செலவில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

எரிவாயுவும் ஆக்சிஜனும் கலந்து எரியும் மேசை டார்ச்சே மென்கண்ணாடிக்கு ஏற்றது. ஆக்சிஜனுக்கு, காற்றிலிருந்து அதைப் பிரித்து நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் கான்சன்ட்ரேட்டர் கருவி சிறு டார்ச்சுக்குப் போதுமானது. வீட்டுச் சமையலுக்கான 14.2 கிலோ சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்தச் சட்டம் இடம் தராது. 19 கிலோ வணிகச் சிலிண்டரை முறையாகப் பெற்று, அறைக்கு வெளியே நிறுத்தி, உரிய ரெகுலேட்டரையும் சுடர் பின்னோக்கிப் பாய்வதைத் தடுக்கும் அரெஸ்டரையும் அனுபவமுள்ள ஒருவரைக் கொண்டு பொருத்த வேண்டும். பற்றவைக்கும்போது முதலில் எரிவாயு, பிறகு ஆக்சிஜன். அணைக்கும்போது முதலில் ஆக்சிஜன், பிறகு எரிவாயு. அருகில் ஒரு வாளித் தண்ணீரும் தீயணைப்பானும் இருக்க வேண்டும்.

மணியைச் சுற்றுதல்

கோலின் நுனியைச் சுடருக்குள் நேரே நீட்டினால் அது படாரென்று வெடித்துச் சில்லுகள் தெறிக்கும். சுடரின் நுனிக்கும் அப்பால் தொடங்கி, கோலை உருட்டிக்கொண்டே மெல்ல மெல்ல உள்ளே கொண்டுவர வேண்டும். முனை செம்மஞ்சளாக ஒளிர்ந்து உருண்டு திரளும். உருட்டுவதை நிறுத்தினால் ஒரு பக்கம் தொங்கும். பட்டாணி அளவுக்குத் திரளும்வரை காத்திருக்க வேண்டும்.

இதற்கிடையே மற்றொரு கையில் கம்பியைச் சுடருக்குக் கீழ்ப்புறமாகப் பிடித்து, பூச்சுள்ள பகுதி மங்கிய சிவப்பாகும்வரை சூடேற்ற வேண்டும். கம்பி போதிய சூடாக இல்லாவிட்டால் கண்ணாடி அதைப் பற்றாது. பிறகு உருகிய திரளைக் கம்பியில் தொட்டு, கம்பியின் மேற்பகுதி உங்களைவிட்டு விலகும் திசையில் உருட்ட வேண்டும். கோலை நகர்த்தாமல் கம்பியை மட்டும் உருட்டினால், கண்ணாடி தானாக அதன்மேல் சுற்றிக்கொள்ளும். ஒரு முழுச் சுற்று முடிந்ததும், கோலுக்கும் மணிக்கும் இடையிலான மெல்லிய பாலத்தைச் சுடரில் காட்டினால் அது உருகி அறுந்துவிடும். இழுத்துப் பிய்க்கக் கூடாது. பிய்த்தால் பூச்சும் சேர்ந்து பெயரும்.

இந்த முதல் சுற்றுதான் துளையின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது. கம்பியின் மேல் அது பிடித்திருக்கும் அகலமே மணியின் நீளமாகும்; அதன் இரு ஓரங்களுமே பின்னர் துளையின் இரு வாய்களாகும். சுற்று கோணலாக இருந்தால் வாயில் ஒரு பக்கம் நாக்குப் போல நீண்டு, ஆறிய பின் கூரிய பல்லாக நிற்கும். ஆகவே முதல் சுற்றை நேராக்காமல் இரண்டாம் சுற்றைப் போடவே கூடாது. முதல் சுற்று சரியாக அமைந்த பிறகு, அதன் நடுவில் மட்டும் கண்ணாடியைக் கூட்ட வேண்டும். ஓரங்களுக்கு வெளியே கம்பியைத் தொடவிடக் கூடாது. அகலம் மாறாமல் பருமன் மட்டும் கூடும்போது, உருகிய கண்ணாடி தன் பரப்பு இழுவிசையால் உருண்டையாக முயன்று, இரு வாய்களிலும் உள்நோக்கிச் சுருங்கும். நூலைக் காக்கும் உட்குழிவு இப்படித்தான் கிடைக்கிறது. கண்ணாடி போதாமல் நீண்ட குழலாக நின்றுவிட்டால் அந்தக் குழிவு வராது. கண்ணாடியைக் கூட்டுவதே அதற்குத் தீர்வு.

பிறகு முழு மணியையும் ஒளிரும்வரை சூடாக்கி, சற்று வெளியே எடுத்து, கம்பியைக் கிடைமட்டமாகப் பிடித்து ஒரே வேகத்தில் உருட்டிக்கொண்டிருந்தால் அது தானே உருண்டையாகும். கைக்கு இந்தச் சீரான உருட்டல் பழகுவதற்கு முன் அலங்காரத்தில் இறங்குவது வீண் வேலை. பழகிய பின், திருஷ்டி மணிக்கான கண் வடிவத்தை முயலலாம். கோலை உருக்கி இழுத்த, 1 முதல் 2 மில்லிமீட்டர் பருமனுள்ள நூற்கண்ணாடியைக் கொண்டு, கருநீல மணியின் மேல் வெள்ளைப் புள்ளி வைத்து, அதை முழுவதும் உருக்கி உள்ளடக்கி, அதன் நடுவில் சிறிய கறுப்புப் புள்ளி வைப்பதே அதன் அமைப்பு. கறுப்பு நூற்கண்ணாடியை மெல்லியதாக இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பல வகைகளில் அது அடர் ஊதாவாகத் தெரியும். செறிவினால்தான் நம் கண்ணுக்கு அது கறுப்பாகிறது.

ஆறவிடுதல்

சுடரிலிருந்து எடுத்த மணியின் மேற்பரப்பு முதலில் ஆறிச் சுருங்கி இறுகிவிடும். உட்பகுதி பின்னரே சுருங்கும். இந்த இழுபறி உள்ளேயே தங்கிவிட்டால், பார்வைக்குக் குறையில்லாத மணி, என்றோ ஒரு நாள் மேசையில் இருந்தபடியே விரியும். விரிசல் பெரும்பாலும் துளையின் வாயிலிருந்தே கிளம்பும். இதைத் தவிர்க்க மின்சூளையில் 104 வகை மணிகளை ஏறத்தாழ 510 முதல் 520 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்திருந்து, பிறகு ஒரு மணி நேரத்துக்கு 60 டிகிரி வீதம் 370 டிகிரிவரை இறக்கி, அதன்பின் சூளையை நிறுத்தி, கதவைத் திறக்காமல் இரவு முழுவதும் விட்டுவிட வேண்டும். இதைப் பட்டறைகளில் அனீலிங் என்பார்கள். நடுவில் மின்சாரம் போனாலும் கதவைத் திறக்காதீர்கள். உள்ளே செங்கல் பதித்த மின்சூளை தானாகவே மெதுவாக ஆறும். மின்சாரம் வந்த பிறகு முழுச் சுழற்சியையும் மறுபடி தொடங்கலாம்.

சூளை இல்லாதவர்கள் மணியின் ஒளிர்வு அடங்கியதும் அதைப் பீங்கான் கம்பளிகளுக்கு இடையிலோ சூடாக்கிய வெர்மிகுலைட் என்னும் இலேசான கனிமத் துகள்களிலோ புதைத்து ஆறவிடலாம். அது மணியை உடனடி விரிசலிலிருந்து காக்குமே தவிர, அனீலிங்குக்கு ஈடாகாது. அப்படி ஆறிய மணிகளைச் சேர்த்துவைத்து, சூளை உள்ள ஒருவரிடம் பின்னர் கொடுத்து முறைப்படி சூடேற்றி ஆறவிட முடியும். இதைச் செய்யாத மணியை விற்பதோ பிறருக்குக் கோத்துக் கொடுப்பதோ நேர்மையான வேலை அன்று. உள் இழுவிசை எஞ்சியிருக்கிறதா என்பதை அறிய, போலரைசிங் தகடு இரண்டை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து, இடையில் ஒளிபுகும் மணியைப் பிடித்துப் பார்க்கலாம். இருண்ட பின்னணியில் மணியின் சில பகுதிகள் மட்டும் வெளிச்சமாகத் தெரிந்தால் அது மீண்டும் சூளைக்குப் போக வேண்டியது.

துளையைத் துலக்கிக் கோத்தல்

ஆறிய மணியைக் கம்பியோடு தண்ணீரில் ஊறவைத்து, கம்பியைக் குறட்டால் பற்றி, மணியைத் துணியோடு பிடித்துத் திருகினால் கழன்று வரும். துளைக்குள் வெள்ளைப் பூச்சு ஒட்டியிருக்கும். அதை உலர்ந்த நிலையில் சுரண்டவே கூடாது. அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு. கிண்ணத்துத் தண்ணீருக்குள் மணியை அமிழ்த்தி, வைரத்தூள் பதித்த மெல்லிய ஊசி அரத்தால் முன்னும் பின்னும் இழுத்துத் துலக்க வேண்டும். வாயில் சிறு பல் இருந்தால் அதே அரத்தால் சாய்வாகத் தேய்த்து மழுக்கலாம். முடிந்ததா என்று பார்க்க ஒரு பருத்தி நூலைத் துளையில் கோத்து இழுங்கள். நூலில் பிசிறு எழாவிட்டால் மணி தயார்.

கோப்பதில் நம்மூரில் நரிக்குறவர் சமூகத்துப் பெண்களின் கைத்திறன் தனி. கோயில் வாசல்களிலும் பேருந்து நிலையங்களிலும் அவர்கள் பாசிமணி கோக்கும்போது, ஒரு முனையைக் கால் பெருவிரலில் மாட்டி நூலை இறுக்கமாக வைத்துக்கொள்வதைக் காணலாம். நூல் தளர்ந்திருந்தால் மணிகள் ஒன்றோடொன்று மோதி வாய்கள் சிதையும். இறுக்கம் மிகுந்தால் மாலை விறைத்து நிற்கும். கனமான கைவேலை மணிகளுக்கு ஒவ்வொரு மணிக்கும் இடையே ஒரு முடிச்சு இடுவது பாதுகாப்பு: நூல் அறுந்தாலும் ஒரு மணியே விழும். துணைக்குச் சிறு மணிகள் வேண்டுமானால் பாரிமுனையிலும் சவுகார்பேட்டையிலும் உள்ள மொத்தக் கடைகளில் சரமாக வாங்கலாம். பிளாஸ்டிக் மணியைக் கண்ணாடியிலிருந்து பிரிக்கக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாலே போதும். கண்ணாடி சில்லென்றிருக்கும், கனமும் கூடும்.

குழந்தைகளுக்கு வசம்போடு கறுப்பு மணி கோத்துக் கையில் கட்டும் வழக்கம் சென்னை வீடுகளில் இன்னும் உயிரோடு இருப்பதால், புதிதாக மணி செய்யக் கற்றவர்களிடம் உறவினர்கள் கேட்கும் முதல் பொருளும் பெரும்பாலும் அதுவாக இருக்கும். ஒளிபுகாத மஞ்சள், சிவப்பு, செம்மஞ்சள் கோல்கள் சிலவற்றில் ஈயமோ காட்மியமோ நிறத்துக்காகச் சேர்க்கப்பட்டிருக்கும். குழந்தை எதையும் வாயில் வைக்கும் என்பதால் அந்த நிறங்களை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. கறுப்புக் கோலிலும் இவை சேரவில்லை என்பதைத் தயாரிப்பாளரின் குறிப்பில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். கழுத்தில் கட்டாமல் கையில் மட்டும், முடிச்சு முடிச்சாகப் போட்டுக் கட்டி, வாரம் ஒருமுறை நூலை மணிகளின் வாயருகே விலக்கிப் பார்த்து, பிசிறு தெரிந்த அன்றே மாற்றிக் கட்ட வேண்டும்.